ஓடாமல் நின்ற காரா, உதிரியாய்க் கிடக்கும் காரா?

கடிதம் எழுதியவருக்கு 53 வயது. பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். அடையாளம் தெரியக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கல்லூரி நாட்களில் பேராசிரியர் ஒருவர் ஓட்டி வந்த எம்ஜிபி ரோட்ஸ்டரை, அதாவது கூரை இல்லாத அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததிலிருந்து அப்படி ஒரு கார் வேண்டும் என்ற ஆசை அவருக்கு. பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிட்டது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. இப்போது இரண்டு கார்கள் கண்ணில் பட்டிருக்கின்றன.

முதலாவது 1971 மாடல். மீட்டர் காட்டுவது 18,400 மைல். ஒரே உரிமையாளர், அவர் காலமான பிறகு 27 ஆண்டுகளாக ஷெட்டில் நிற்கிறது, விற்பவர் அவருடைய மகன். மைல் குறைவு என்பதால் விலை எக்கச்சக்கம். இரண்டாவது 1969 மாடல். பாடி ஓரிடத்தில், எஞ்சின் ஸ்டாண்டில், மீதி ஏழு பெட்டிகளில். விலை முதல் காரில் ஐந்தில் ஒரு பங்கு. "இதை வாங்கி நாமே கட்டினால் பாதிப் பணத்தில் புதுக் கார், பிறகு விற்றாலும் லாபம்" என்பது மைத்துனரின் கணக்கு. மனைவி கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்குக் கார் வேணுமா, வேலை வேணுமா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை நீண்ட பயணம் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். எதை வாங்கலாம், சீரமைத்தால் லாபம் வருமா, முதல் காரை வாங்கினால் 180 கிலோமீட்டர் தானே ஓட்டிக்கொண்டு வீடு வரலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தபோது, விஷயம் தெரிந்தவர் உங்கள் மனைவிதான் என்று தோன்றியது. பழைய கார்களைச் சோதித்து மதிப்பிடுவது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் தேடுவது காரா, வேலையா என்பதே தெரிவதில்லை. வேலை வேண்டும் என்பவருக்கு ஏழு பெட்டி உதிரிபாகம் சொர்க்கம். நீங்களோ கடிதத்தில் ஓட்டுவதைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். ஸ்பானர் பிடிக்கும் ஆசை ஒரு வரியிலும் இல்லை. அந்தப் பேச்சு முழுவதும் மைத்துனருடையது.

முதல் காரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மனம் அதில்தான் இருக்கிறது.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

"18,400 மைல்தான் ஓடியிருக்கிறது, கிட்டத்தட்ட புதுசு" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அந்த எண் உண்மை என்பது. மற்றொன்று, உண்மையாகவே இருந்தாலும் ஓடாத கார் தேயாத கார் என்பது.

அந்தக் காலத்து மீட்டரில் முழு மைலைக் காட்ட ஐந்து இலக்கங்கள்தான். 99,999 ஆனதும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். ஆக, 18,400 என்பது 1,18,400 ஆகவும் இருக்கலாம். இதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தந்தை காலத்தில் ஒரு சுற்று முடிந்தது மகனுக்குத் தெரியாமலே இருக்கலாம். அதனால் மீட்டரை விட்டுவிட்டு காரைக் கேளுங்கள். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். 18,000 மைலில் அதன் வரிகள் அழிந்திருக்காது. ரப்பர் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு இடம்தான். மாற்ற வேண்டிய அளவுக்கு எப்படித் தேய்ந்தது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கீழ் விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் அந்தக் கதவு பல ஆயிரம் முறை திறந்து மூடியிருக்கிறது என்று பொருள். கார்புரேட்டரில் த்ராட்டில் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள், அங்கும் அதே கதைதான்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சாட்சி காகிதம். பழைய சர்வீஸ் பில்கள், ஆண்டுச் சோதனைச் சான்றிதழ்கள், டயர் மாற்றிய ரசீது என மைல் எண் எழுதப்பட்ட எந்தத் தாளாக இருந்தாலும் சரி. தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள், எண்கள் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று தெரிந்துவிடும். அப்படி ஒரு கட்டு இல்லையென்றால் "குறைந்த மைல்" என்பதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மகன் நல்லவராகவே இருக்கலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

எண் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 27 ஆண்டு நின்றது நின்றதுதான். கார் ஓடித் தேய்வதைப் போலவே நின்றும் கெடும், கெடும் இடம்தான் வேறு. டேங்கில் மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகி, வார்னிஷ் போல ஒரு பிசினை விட்டுப்போகும். கார்புரேட்டரின் ஜெட்டை அடைப்பது அதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்சமோ 155 டிகிரிதான். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவை உண்டாக்கி பிஸ்டனை இறுக்கிவிடும். ஆயில் சீல்கள் காய்ந்து கெட்டியாகியிருக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். எம்ஜிபியில் பெட்ரோலை இழுப்பது பின்பக்கத்தில் இருக்கும் எஸ்யூ மின்பம்ப். நின்றே இருந்தால் அதன் பாயிண்டுகளில், அதாவது மின்சாரம் பாயும் தொடுமுனைகளில், பாசி போல ஒரு படலம் கட்டிவிடும். சாவியைத் திருப்பியதும் வரவேண்டிய டிக் டிக் ஓசை வராது. இறங்கிப்போய் மரக்கட்டையால் பம்பை ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும். இந்தத் தட்டு வித்தை தெரியாத எம்ஜிபிக்காரர் இருக்க முடியாது.

இவை எதுவும் பயப்பட வேண்டிய வேலைகள் அல்ல. பிரேக், எரிபொருள், குளிர்விக்கும் அமைப்பு மூன்றையும் முழுசாகப் பிரித்துப் புதுப்பித்தால் போதும். இந்தக் காருக்குப் பாகம் கிடைப்பதில் கவலையே இல்லை. நான் சொல்ல வருவது, அந்த எக்கச்சக்க விலைக்கு மேல் இந்தச் செலவும் உண்டு என்பது. "அப்படியே ஸ்டார்ட் பண்ணி எடுத்துட்டுப் போலாம்" என்று விற்பவர் சொன்னால் தடுத்துவிடுங்கள். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த சிலிண்டரில் ஸ்டார்ட்டரை விட்டுச் சுற்றினால் ரிங் உடையலாம்.

வாங்கியது ஓட்டவா, காவல் காக்கவா?

பலர் யோசிக்காத இடம் இது. 18,400 என்ற எண்ணுக்காகத்தான் அந்தக் கூடுதல் விலை. நீங்கள் ஆண்டுக்கு 3,000 மைல் ஓட்டினால் இரண்டு ஆண்டில் 24,400. ஐந்து ஆண்டில் 33,400. கூடுதலாகக் கொடுத்த பணம் மைலுக்கு மைல் சாலையில் உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிரக்கூடாது என்றால் ஓட்டக்கூடாது; ஓட்டாவிட்டால் அது மறுபடி நின்று கெடும். இப்படி ஒரு காரை ஆசையாக வாங்கிவிட்டு, நல்ல வானிலை பார்த்து மாதம் ஒருமுறை தெருமுனை வரை போய்த் திரும்புபவர்களை எனக்குத் தெரியும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான்.

அதைவிட மோசமானதும் நடக்கும். வாங்கியவர் மங்கிய பெயிண்டைப் பார்த்துவிட்டு "ஒரு கோட் அடிச்சா நல்லா இருக்கும்" என்பார். சீட் தோலில் வெடிப்பு கண்டு புதுத் தோல் போடுவார். எதற்காக அதிக விலை கொடுத்தாரோ அதைத் தன் கையாலேயே அழித்துவிடுவார். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டை ஒருமுறை தேய்த்தெடுத்தால் அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பணத்தாலும் முடியாது. பழம் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், இருப்பதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. சீரமைப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். உண்மையிலேயே தீண்டப்படாத ஒரு காரைக் காப்பது நல்ல காரியம், சந்தேகமில்லை. அந்தக் காரியத்துக்கு ஆள் நீங்கள்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மைத்துனர் கணக்கில் விட்டுப்போனது

இனி ஏழு பெட்டி. "எல்லாப் பாகமும் இருக்கு" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கழற்றியவரே சொன்னாலும் நான் நம்பமாட்டேன். முப்பது வயதில் நானே ஒரு காரைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்துக்கும் காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, பெட்டி பெட்டியாக அடுக்கினேன். ஒன்றரை ஆண்டு கழித்துத் திறந்தபோது மை மங்கி, பசை காய்ந்து, டேப்புகள் எல்லாம் பெட்டியின் அடியில் சருகாய்க் கிடந்தன. கண்ணாடிச் சட்டத்தின் நான்கு ஸ்க்ரூக்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சற்று நீளம். அது எந்த மூலைக்கு உரியது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை போயிற்று. நான் கழற்றிய கார், நான் எழுதிய எழுத்து. முன்பின் தெரியாத ஒருவரின் பெட்டிகளை நீங்கள் திறந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பெட்டிகளை விடுங்கள், முக்கியம் பாடிதான். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தகரப் பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிதான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துவைத்திருக்கிறது. ரோட்ஸ்டருக்கு மேலே கூரையும் இல்லை, அதனால் பாரம் முழுக்க அதன் மேல்தான். அது மூன்று அடுக்குத் தகரம். வெளித் தகரத்தை மட்டும் புதிதாக மூடி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் உள்ளே துரு தின்றது வெளியில் தெரியாது. அதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் கதவு இடைவெளி மாறாதபடி பாடிக்கு முட்டுக்கொடுத்து, ஒவ்வோர் அடுக்காக வெட்டி வெல்ட் செய்ய வேண்டும். சிறு தவறு நடந்தாலும் கதவு பிறகு மூடாது. எஞ்சினைப் புதுப்பிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. என்னென்ன மாற்ற வேண்டும் என்று பட்டியல் போட்டுவிடலாம். டிங்கரிங், வெல்டிங், பெயிண்ட் வேலைக்கு எல்லை கிடையாது. ஒரு ஓட்டையை வெட்டினால்தான் அடுத்த ஓட்டை தெரியும்.

பாடியிலிருந்து தொடங்கும் முழுச் சீரமைப்பு எளிதாக ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கினால், ஒரு வாரமும் தவறாமல், 125 வாரம். இரண்டரை ஆண்டு. அதுவரை உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் காருக்கு அடியில்.

லாபம் வருமா என்று கேட்டீர்கள். வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது. சில்லை வெட்டி ஒட்ட ஆகும் நேரம் எம்ஜிபிக்கும் ஜாகுவார் இ-டைப்புக்கும் பெரிதாக வேறுபடாது, கூலியும் அதே கூலிதான். ஆனால் 1962 முதல் 1980 வரை எம்ஜிபியும் கூரையுள்ள அதன் ஜிடி வகைகளும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராயின. இ-டைப் அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. வேலை முடிந்த பிறகு சந்தை கொடுக்கும் விலை இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும். எம்ஜிபியின் பலமே அதற்கு எதிரியாகிறது: பாகம் தாராளம், கார் தாராளம், அதனால் விலைக்கு ஓர் உச்சவரம்பு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988-இலிருந்து பழைய அச்சுகளைக் கொண்டே முழுப் பாடியைப் புதிதாகச் செய்து தருகிறது. துரு தின்ற காருக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் பாடியையே மாற்றினால் கார் அதே பதிவில் தொடருமா என்பது ஒவ்வொரு நாட்டுச் சட்டத்திலும் வேறு வேறு. வாங்கும் முன் உங்கள் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தை ஓட்டிய கார் என்றாலோ, தகரம் உறுதியாக இருந்து எஞ்சின் மட்டும் செத்துக்கிடக்கிறது என்றாலோ, பிரித்துக் கோப்பதே இன்பம் என்றாலோ இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, தாராளமாக இறங்கலாம். மூன்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

நான் வாங்கினால்

இரண்டையும் வாங்கமாட்டேன். எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன் இன்னொருவர் சீரமைத்து, அதன் பிறகு தொடர்ந்து ஓட்டிவரும் ஒரு காரைத் தேடுவேன். மீட்டரில் 80,000 காட்டட்டும், கவலையில்லை. சீரமைப்பில் போக வேண்டிய பணம் அவருக்கு ஏற்கெனவே போய்விட்டது. சில் வெட்டியபோது எடுத்த படங்களும் பில்களும் அவரிடம் இருக்கும். படங்கள் இல்லையென்றால் அந்தச் சீரமைப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. சென்ற மாதம் பெயிண்ட் அடித்து நேற்று விற்பனைக்கு வந்த கார் வேண்டாம். சில மழைக்காலம் கண்ட வெல்டிங் மோசமானதாக இருந்தால் விளிம்பில் கொப்புளம் கிளம்பிக் காட்டிக்கொடுத்திருக்கும். புதுப் பெயிண்டுக்கு அந்த வாய்ப்பே வந்திருக்காது.

எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் ஒரு ஜாக்கியும், துணி சுற்றிய சிறு காந்தமும், டார்ச்சும் கொண்டுபோங்கள். கதவை மூடி, அதன் பின் விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் ஜாக்கி போடும் இடத்தில் வைத்து மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்போது இடைவெளி அப்படியே இருக்க வேண்டும். கதவைத் திறந்து மூடினால் முன்பு போலவே மூட வேண்டும். இடைவெளி குறுகி, கதவு இடித்தாலோ, ஜாக்கி தூக்குவதற்குப் பதில் தகரத்துக்குள் இறங்கினாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஜாக்கியே போடவேண்டாம் என்று மறுத்தாலும் கிளம்புங்கள். காந்தம் சில்லிலும், முன் மட்கார்டின் கீழ்ப் பகுதியிலும், பின் சக்கரத்துக்கு முன்னுள்ள மூலையிலும் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி.

எழுத்தில் இருக்க வேண்டியவை

தனிநபரிடம் வாங்கும் பழைய கார் பெரும்பாலும் "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையில்தான் கைமாறும்; பிறகு குறை கண்டால் கேட்க உங்களுக்கு அதிக வழி இருக்காது. வியாபாரியிடம் வாங்கினால் பல நாடுகளில் நுகர்வோர் சட்டம் கொஞ்சம் துணைக்கு வரும். யாராக இருந்தாலும், மைல் எண் உண்மை என்று சொல்பவர் அதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வாயால் உறுதி சொன்னவர் பேனாவைக் கண்டு தயங்கினால் அதுவே பதில். முதல் காரின் உரிமையாளர் காலமாகிவிட்டதால், விற்க மகனுக்கு மட்டும் உரிமை உண்டா, மற்ற வாரிசுகள் சம்மதித்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். சேஸிஸ் எண் தகடும் பதிவுச் சான்றும் ஒத்துப்போக வேண்டும். பெட்டிக் காரில் அந்தத் தகடு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். காப்பீட்டில் "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் காப்பீடு இதை ஐம்பது வயது பழைய வண்டியாக மட்டுமே பார்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் மனம் முதல் காரிலேயே நிற்கிறது என்றால், மைலுக்கான கூடுதல் விலையைக் கழித்துவிட்டு, புதுப்பிக்கும் செலவையும் கழித்துவிட்டு ஒரு தொகை சொல்லிப் பாருங்கள். 27 ஆண்டு யாரும் எடுக்காத கார், இந்த ஞாயிற்றுக்குள் போய்விடாது.

கடைசிக் கேள்வி, 180 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வரலாமா என்பது. வேண்டாம். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசி எண்ணைப் படியுங்கள். 2000 முதல் செய்த டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் அதற்கும் முந்தையது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் செத்துப் பல வருடமாகிவிட்டது. லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். ஏற்றும்போது பிரேக் பிடிக்கும் என்று நம்பி ஸ்டியரிங்கில் உட்கார வேண்டாம். கயிறு கட்டி வின்ச்சால் இழுக்கச் சொல்லுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஓர் ஆளைப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.